டர்போ போன பழைய ஸ்விஃப்ட்: புதுசா, ரீபில்டா, புதுப்பேட்டையா, விற்றுவிடலாமா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் வண்டி 38ஆவது வளைவில் கைவிட்டது.

2010 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஓடியது 1,68,000 கிலோமீட்டர். முப்பதாவது வளைவு தாண்டியதிலிருந்தே விசில் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. பழைய டர்போ டீசலில் லேசான விசில் இருக்கத்தான் செய்யும் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. 36இல் அது தூரத்தில் ஆம்புலன்ஸ் வருவது மாதிரி ஏறி இறங்கியது. 38இல் இரண்டாம் கியரில் முழுக்க மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வளைவே தெரியவில்லை, அத்தனை நீலப் புகை. பக்கத்தில் இருந்த மச்சான் பத்து வருடம் லாரி வைத்திருந்தவர். “மாப்ள, மொதல்ல சாவியத் திருப்புங்க” என்றார்.

அவர் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவின் சீல் போய்விட்டால் இன்ஜின் ஆயில் காற்றுப் பாதைக்குள் போகும். டீசல் இன்ஜினுக்கு அந்த ஆயிலும் எரிபொருள்தான். அதைக் குடித்துக்கொண்டு தானாகவே ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆயில் தீரும்வரை அலறிவிட்டு இன்ஜின் சாகும். அப்படி ஆனால், மேனுவல் கியர் வண்டியில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஐந்தாம் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அடைக்க வேண்டும். எங்களுக்கு அதுவரை போகவில்லை. சாவிக்கே நின்றது. சேந்தமங்கலத்திலிருந்து ரிக்கவரி வண்டி வர இரண்டரை மணி நேரம் ஆனது.

அடுத்த நான்கு நாளில் நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பதில் வந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது டர்போதான் போட வேண்டும் என்றார்கள். உதிரிபாகம் மட்டும் 31,000, கூலி, ஆயில், கேஸ்கெட் எல்லாம் சேர்த்து 39,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்தார்கள். நாமக்கல்லில் லாரி டர்போ பார்க்கும் கடையில், ரீபில்ட் செய்யலாம், அதாவது உள்ளே இருக்கும் ‘கோர்’ என்ற நடுப்பாகத்தை (தண்டு, சக்கரம், பேரிங்) மட்டும் மாற்றினால் போதும், 19,000க்குள் முடித்துவிடலாம் என்றார்கள். சென்னையில் இருக்கும் நண்பன், பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் ஓடின டர்போ 7,000க்குக் கிடைக்கும், அனுப்பட்டுமா என்றான். நான்காமவர் பழைய கார் வியாபாரி. “பதினஞ்சு வருஷ வண்டிக்கு எதுக்குங்க செலவு? இப்படியே குடுங்க, ஒண்ணு பத்து தர்றேன்” என்றார். அதாவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இதெல்லாம் எனக்குச் சொன்ன விலை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

நால்வரில் ஒருவர்தான் “ஏன் போச்சு?” என்று கேட்டார். யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி 2003இல் வெளிவந்த 1.3 மல்டிஜெட் இது. 1,248 சிசி. மாருதி உரிமம் வாங்கி மானேசரில் செய்து, 2007இல் ஸ்விஃப்ட்டில் போட்டது. டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்ட்டோ, லினியா என்று எல்லோரும் இதையே போட்டதால் இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று இதற்குப் பட்டப்பெயரே உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசலை மொத்தமாக நிறுத்திவிட்டது. இந்த இன்ஜின் தருவது 75 பிஎஸ், 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). இதைவிடப் பெரிய, டர்போ இல்லாத பழைய இண்டிகா 1.4 டீசலில் இருந்தது 54 பிஎஸ்ஸை ஒட்டி, டார்க் 85தான். டர்போ செய்யும் வேலை இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஓட்டியவர்களுக்குத் தெரியும்: 1,800 சுற்று வரை சோம்பேறி, 2,000 தொட்டதும் வேறு வண்டி.

உள்ளே இருப்பது எளிய சமாச்சாரம். ஒரு மெல்லிய தண்டு, இரு முனையிலும் ஒவ்வொரு சக்கரம். சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். மறு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். இவ்வளவு சின்ன டர்போவில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகும். இதில் பால் பேரிங் கிடையாது. தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. ஆயில் சில விநாடி வராவிட்டாலும், அழுக்கோடு வந்தாலும், பேரிங் தேயும், தண்டு ஆடும், சக்கரத்தின் விளிம்பு கூட்டில் உரசும். நான் கேட்ட சைரன் அதுதான்.

எதைப் போடலாம் என்று யோசிக்கும் முன்னால், போனது டர்போதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் இதில் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். ஐந்து வருடம் முன்பு இதே வண்டி இழுவை குறைந்து கரும்புகை விட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் போனட்டைத் திறந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு “டர்போ போயிருச்சு” என்றார்கள். முன்பணமும் கேட்டார்கள். கையில் அப்போது காசில்லாததால் தள்ளிப் போட்டேன். பிறகு வேறொரு மெக்கானிக் பார்த்தபோது அமுக்கின காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அமுக்கின காற்றெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது. ஹோஸும் கிளிப்பும் மாற்ற ஆயிரத்துச் சொச்சம்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். ஹோஸ் கிழிசல், அடைத்த ஏர் ஃபில்டர், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி படிவது என்று மலிவான காரணங்கள் நிறைய. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அது டர்போ சீலாக இருக்கலாம், பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம். அடுத்தது விரல் சோதனை. இன்ஜின் ஆறின பிறகு, டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது இயல்பு, ஆயில் படலத்துக்கான இடம் அது. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி ஆடினாலோ, சக்கரம் கூட்டில் உரசின தடம் இருந்தாலோ சந்தேகம் வேண்டாம். என்னுடையதில் சக்கரத்தின் இதழ் நுனிகள் எலி கடித்தது மாதிரி இருந்தன.

சரி, போனது டர்போதான். இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டர்போவைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் காலத்து லாரியில் அப்படி ஊர் வந்து சேர்ந்த கதைகள் மச்சானிடமே இருக்கின்றன. இது எலக்ட்ரானிக் டீசல், இப்படி ஓட்டினால் புகைதான் மிஞ்சும். விட்டுவிடுங்கள்.

புது டர்போவுக்குச் சாதகமான விஷயம் நிம்மதி. கூடு, சக்கரம், பேரிங், காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் எல்லாமே புதிது, வாரண்டி எழுத்தில் வரும். உற்பத்தி நின்ற இன்ஜினுக்குப் பாகம் கிடைக்குமா என்ற பயமும் இந்த வண்டிக்கு இல்லை. லட்சக்கணக்கில் ஓடும் வண்டி என்பதால் கடைக்காரர்கள் இருப்பு வைத்திருக்கிறார்கள். டர்போ செய்யும் ஆலையே சென்னைக்குப் பக்கத்தில் பையனூரில் இருக்கிறது. ஆனால் 39,000 என்பது, ஓடும் நிலையில் இரண்டு லட்சம் பெறும் வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட என்னை உறுத்தியது வேறு. எஸ்டிமேட்டை வரிவரியாகப் படித்தேன். டர்போ இருந்தது, கேஸ்கெட் இருந்தது, ஆயில், ஃபில்டர் இருந்தது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்ப்பது இல்லை. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் அந்த மெல்லிய குழாயை மாற்றுவதும் இல்லை. போன டர்போவைக் கொன்ற காரணம் உள்ளேயே இருந்தால் 31,000 ரூபாய் டர்போவையும் அது கொல்லும். விலை பார்த்து விடாது.

வருடத்துக்கு 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர், வண்டியை இன்னும் ஐந்து வருடமாவது வைத்திருக்கப் போகிறவர் என்றால் நான் புது டர்போவுக்கே வாக்களிப்பேன். குழாயையும் சம்பையும் சேர்த்துச் செய்யச் சொல்லி, அதை எஸ்டிமேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுப்பேட்டை விஷயம் சுவாரசியமானது. கூவத்தை ஒட்டின அந்தத் தெருக்களில் நின்றால் எந்தக் காரின் எந்த உறுப்பும் கிடைக்கும். கதவு, பம்பர், ஹெட்லைட், ஸ்டியரிங் ராக் என்றால் நானே கண்ணை மூடிக்கொண்டு அங்கே போவேன், போயும் இருக்கிறேன். டர்போ அந்த வகை இல்லை. கதவின் வரலாறு கதவில் தெரியும், டர்போவின் வரலாறு வெளியே தெரியாது. எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டிக்காரர் ஆயில் மாற்றினாரா, வெள்ளத்தில் நின்ற வண்டியா, யாருக்கும் தெரியாது. விரலால் ஆட்டிப் பார்த்தால் இன்றைய ஆட்டம் தெரியும், நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. கடைக்காரர் தருவது பெரும்பாலும் ‘மாட்டிப் பாருங்க, ஓடலைன்னா கொண்டாங்க’ வாரண்டிதான். மாட்டிப் பார்க்கவே கூலி, ஆயில் என்று ஆறாயிரம் ஆகும்போது அந்த வாரண்டியால் என்ன பயன்? அதையும் சேர்த்தால் இது 13,000. ரீபில்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஆறாயிரம்தான். அந்த ஆறாயிரத்துக்கு ஒரு முறைக்கு இரு முறை டர்போவை இறக்கி ஏற்றும் அபாயத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஒரு சூழ்நிலையில் பழைய டர்போ சரி. உங்கள் டர்போவின் இரும்புக் கூடு வெப்பத்தில் விரிசல் விட்டிருந்தால், கோர் மாற்றினாலும் பயனில்லை. அப்போது பழசு ஒன்றை வாங்கி, அதன் கூட்டில் புதுக் கோரை ஏற்றலாம். நாமக்கல் கடையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

நாமக்கல் என்றதும் முட்டை ஞாபகம் வரும். எனக்கு லாரி. பாடி கட்டும் பட்டறைகள், டீசல் பம்ப் பார்ப்பவர்கள், லேத், ரேடியேட்டர், டர்போ என்று ஒரு ஊரே லாரியை நம்பி வேலை செய்கிறது. டர்போ என்பது இவர்களுக்குத் தினப்படிச் சமையல். கார்க்காரர்கள் கேட்டுப் பயப்படும் சொல்லை இவர்கள் டயர், பேட்டரி மாதிரி சொல்கிறார்கள். அந்தக் கடை அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். என் டர்போவைக் கையில் வாங்கியதும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஆயில் நுழையும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது ஏன் போச்சுன்னு பாத்தீங்களா?”

அவர்தான் அந்த ஒருவர்.

“ஆயில் வராமத்தான் போயிருக்குதுங்க. நான் கோர் மாத்திக் குடுத்துருவேன். ஆனா சம்பைக் கழட்டாம மாட்டறதா இருந்தா எங்கிட்டக் குடுக்காதீங்க. ரெண்டு மாசத்துல திரும்ப வந்து எம்பேரக் கெடுப்பீங்க” என்றார்.

மறுநாள் என் மெக்கானிக் சம்பைக் கழற்றினார். அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். அதைக் கையில் கொடுத்தார். கருப்பட்டிப் பாகு காய்ச்சி ஆறவிட்ட மாதிரி ஒரு கறுப்புப் படை, சல்லடையில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வழிகிறது, ஆனால் விழுவதில்லை. மலை ஏற்றத்தில் அதிகச் சுற்றில் இன்ஜின் ஆயில் கேட்டபோது, இந்த அடைப்பு வழியாக வந்தது போதவில்லை. ஆயில் போகும் பாதையில் மெல்லிய குழாயின் கடைசியில் உட்கார்ந்திருப்பது டர்போ. பஞ்சம் வந்தால் முதலில் பட்டினி அதற்குத்தான்.

அந்தப் படைக்கு நான்தான் காரணம். இந்த இன்ஜின் கொள்வதே மூன்று லிட்டரை ஒட்டின ஆயில். சின்ன அளவு, பெரிய வெப்பம். 2020இல் ஊரடங்கு சமயத்தில் வண்டி ஓடவே இல்லை என்று ஒன்றரை வருடம் ஆயில் மாற்றாமல் விட்டேன். அப்புறம் மாற்றியபோதும் விலை குறைவு என்று ஏதோ ஒரு ஆயில். ஓடாத வண்டியின் ஆயிலும் கெடும். கிலோமீட்டர் ஆகவில்லை என்பது அதற்குத் தெரியாது. இன்னொரு தப்பு, ஏற்காடு, கொல்லிமலை ஏறி நிறுத்தினதும் படக்கென்று சாவியைத் திருப்பிவிட்டு இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். ஆயில் ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும். லாரிக்காரர்கள் சுங்கச்சாவடி தாண்டி ஓரங்கட்டும்போதுகூட ஒரு நிமிடம் ஐடிலில் விடுவதை நான் டீசல் வீணடிப்பு என்று நினைத்திருந்தேன்.

ரீபில்டில் ஏமாற்றும் கடைகளும் உண்டு. கேட்க வேண்டியவை எனக்குத் தெரிந்து மூன்று. கோரைக் கடையிலேயே பிரித்துப் பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றுகிறார்களா, அல்லது பேலன்ஸ் செய்து பெட்டியில் வரும் முழுக் கோரைப் போடுகிறார்களா? முதல் வகையென்றால் கடையில் பேலன்சிங் மெஷின் இருக்கிறதா, கண்ணால் பார்க்க முடியுமா? நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றும் தண்டில் ஒரு அரிசியின் துணுக்கு அளவு எடை கூடினாலும் போதும், அது தன்னைத் தானே தின்றுவிடும். மூன்றாவது, பழைய கோரைத் திருப்பித் தருவார்களா? தரமாட்டேன் என்றால் சந்தேகப்படுங்கள். என்னுடையதில் பெட்டியில் வந்த முழுக் கோர், 9,500 ரூபாய். மீதி கூலி, ஆயில், ஃபில்டர், கேஸ்கெட், புது ஆயில் குழாய், சம்பு சுத்தம். ஆறு மாத வாரண்டி, துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதியது. அதை நான் கம்பெனி முத்திரைக்குச் சமமாக மதிக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று தெரு தள்ளி இருக்கும் கடை, அவரை நம்பித்தான் பாதி ஊர் லாரி ஓடுகிறது.

இனி விற்கும் கணக்கு. இதில்தான் எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறார்கள், நானும்தான். வியாபாரி இறந்த டர்போவோடு தருவது 1,10,000. இதே வண்டி ஓடினால் இரண்டு லட்சத்துக்குப் போகும் என்று அவரே வாய் தவறிச் சொன்னார். வித்தியாசம் 90,000, ரிப்பேர் 19,000. ஆக, விற்க முடிவு செய்திருந்தாலும் சரிசெய்து விற்பதுதான் கணக்கு. என்ன மாற்றினேன் என்ற பில்லையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம். அது விலையைக் குறைக்காது, கூட்டவே செய்யும். டர்போ போன நிலையில் அப்படியே கொடுப்பது, அவசரத்தை விலை போட்டு விற்பது.

விற்றுவிட்டு என்ன வாங்குவது? புதுப் பெட்ரோல் கார் என்றால், 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகும், கைக்காசு போக எனக்கு ஏழு லட்சம் கடன் வேண்டியிருக்கும். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 14,500 தவணை. ஒன்றேகால் மாதத் தவணை ஒரு ரீபில்ட் டர்போ. வருடத்துக்கு ஒரு டர்போ போனாலும் (போகாது) பழைய வண்டியே மலிவு. புதுக் கார் வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன: ஏர்பேக், பிரேக், நடுரோட்டில் குடும்பத்தோடு நிற்கும் பயம். அதை ‘மெயின்டனன்ஸ் செலவு மிச்சம்’ என்று சொல்லி வாங்காதீர்கள். அந்தக் கணக்கு எங்கும் தேறாது.

ஆனால் டீசலை வைத்திருப்பவர்கள் சொல்லும் ‘மைலேஜ் மிச்சம்’ கதையும் பழசாகிவிட்டது. 2012 மே மாதம் சென்னையில் பெட்ரோல் 77 ரூபாய்க்கு மேல், டீசல் 44ஐ ஒட்டி. நான் வருடம் ஓட்டும் 9,000 கிலோமீட்டருக்கு, டீசலில் 19ம் பெட்ரோலில் 17ம் மைலேஜ் என்று வைத்தால், அன்று டீசலால் மிச்சம் 20,000 ரூபாய். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. 2024 மார்ச் விலைக்குறைப்புக்குப் பிறகு பெட்ரோல் நூற்றைத் தாண்டியும் டீசல் 92ஐ ஒட்டியும் நின்றபோது அதே கணக்கைப் போட்டால் மிச்சம் 9,500தான். டர்போ, இன்ஜெக்டர், இஜிஆர் என்று சாதாரணப் பெட்ரோலில் இந்த அளவுக்கு இல்லாத தலைவலிகளை வைத்துப் பார்த்தால் அந்த 9,500 எங்கும் போதாது. என் வண்டியை டீசல் என்பதற்காக வைத்திருக்கவில்லை. கடன் இல்லாத வண்டி, ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரிந்த வண்டி என்பதற்காக வைத்திருக்கிறேன்.

இன்னொரு வழி, கொஞ்சம் புதிய பழைய டீசல். டெல்லி வண்டிகள் இணையத்தில் கவர்ச்சியான விலையில் தெரியும். தலைநகரப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை வந்து, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்ததால் அங்கிருந்து வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு வர ஆரம்பித்தன. விலையைப் பார்த்ததும் மனம் துள்ளும். தடையின்மைச் சான்று, நம்ம ஊர் சாலை வரி, மறுபதிவு, லாரியில் ஏற்றிவரும் செலவு எல்லாம் போட்டால் துள்ளல் அடங்கும். மேலும் அதன் டர்போவைப் பற்றியும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத பழைய டர்போவைவிடத் தெரிந்த பழைய டர்போ மேல்.

என் முடிவைத் தாமதப்படுத்தியது டர்போ அல்ல, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று. 15 வருடம் முடிந்தால் சொந்தக் காருக்கு ஆர்.டி.ஓ.வில் காட்டி ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்டில் 10,000 என்றார்கள். பசுமை வரி தனி. இதெல்லாம் கட்டக்கூடிய பணம்தான். ஆனால் வண்டி அதைக் கட்டும் தகுதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதனால் டர்போவுக்குச் சரி என்று சொல்லும் முன் மெக்கானிக்கிடம் மற்றதைப் பார்க்கச் சொன்னேன்.

தரைத்தகடு தட்டிப் பார்த்தார், துரு மேலாகத்தான். கதவின் அடி ஓரத்தில் இரண்டு இடம் பொத்தல். இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் பிரீதர் குழாயைக் கழற்றினால் புகை கக்கவில்லை, ஆகவே ரிங்குகள் நலம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் பம்ப் கடையில் சோதித்தோம், ஒன்று மட்டும் கொஞ்சம் கசிவு. இந்த இன்ஜெக்டர்களுக்குத்தான் நான் டர்போவைவிட அதிகம் பயப்படுகிறேன். நான்கும் ஒன்றாகப் போனால் டர்போ செலவு சில்லறையாகத் தெரியும். தரை உதிர்ந்திருந்தாலோ, பிரீதர் புகைத்திருந்தாலோ நான் டர்போவை மலிவாக முடித்து, உண்மையைச் சொல்லி விற்றிருப்பேன்.

இதையெல்லாம் மற்ற டர்போ கார்களுக்கு அப்படியே நீட்ட வேண்டாம். இதே 1.3 இன்ஜின் இருக்கும் லினியா, புன்ட்டோ வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கம்பெனி இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தினாலும் இன்ஜின் பாகங்களில் பல மாருதி கடையிலேயே கிடைக்கும். ஆனால் 90 பிஎஸ் மாடல்களில் வேறு வகை டர்போ, அதன் உள்ளிதழ்கள் கரியில் இறுகிக்கொள்ளும், ரீபில்ட் செலவும் கூட. லினியா டி-ஜெட், முதல் தலைமுறை ஆக்டேவியா விஆர்எஸ் போன்ற பழைய பெட்ரோல் டர்போக்கள் வேறு கதை. பெட்ரோல் புகை இன்னும் சூடு, பாகம் தேடுவது ஒரு தவம். அவற்றை வைத்திருப்பவர்கள் கணக்குப் பார்த்து வைத்திருப்பதில்லை, காதலால் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

நான் நாமக்கல் அண்ணனிடம் போனேன். மொத்த பில் 21,400. கசிந்த இன்ஜெக்டரும் அதில் அடக்கம். முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரில் கொட்டிவிட்டு மறுபடி மாற்றச் சொன்னார், சம்பில் மிஞ்சின அழுக்கு அதோடு போகட்டும் என்று. அந்த ஆயில் கறுப்பாக இறங்கியது. அடுத்தது பரவாயில்லை. இப்போது 7,500 கிலோமீட்டர் அல்லது பத்து மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்ஸ்டிக் எடுத்து ஆயில் அளவு பார்க்கிறேன்.

போன மாதம் மறுபடி கொல்லிமலை. 38ஆவது வளைவில் மச்சான் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தார். மெல்லிய விசில், அவ்வளவுதான். செம்மேட்டில் நிறுத்தி ஒரு நிமிடம் ஐடிலில் விட்டேன். டீக்கடைக்காரர், வண்டியை ஆஃப் பண்ண மறந்துவிட்டேன் என்று கை காட்டினார்.

ஆனால் குளிர்காலக் காலைகளில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி கடகட என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. டைமிங் செயின். இந்த இன்ஜினில் ஆயில் குறைவாக ஓடினால் அடுத்து அடி வாங்குவது அதுதான், அந்த அடைத்த சல்லடை அதையும் விட்டுவைத்திருக்காது. செயின் கிட்டுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் சொன்னது, “இப்பவே மாத்தீட்டா செயினோட போகும், விட்டீங்கன்னா வால்வோட போகும்.” அடுத்த வாரம் வண்டியை விடுகிறேன்.